மூன்றாவது துண்டு

நல்ல காரியம் செய்யும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அது போனது மாளிகாவத்தையில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய நாள் பின்னேரம், ஏறக்குறைய இருபது நிமிடங்களில்.

அப்போது நான் ஒரு பத்திரிகையில் பயிற்சி நிருபர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் பன்னிரண்டு கேக் செய்து தெரிந்தவர்களுக்கு அனுப்புவார். அதில் ஒன்று நிஸ்தார் நானாவுக்கு. அப்பாவின் சிநேகிதர். அப்பா இறந்த கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மூன்று வேளையும் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது.

"எல்லாத்தையும் நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றேன். அந்த ஆண்டு சுயநலமில்லாத மனிதனாவதென்று முடிவெடுத்திருந்தேன். அம்மா பெட்டிகளின் நாடாக்களைக் காட்டி ஏதோ சொன்னார். என் பெருந்தன்மையை நானே ரசித்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

பதினொரு பெட்டிகளில் சிவப்பு நாடா. நானாவின் பெயர் அட்டை செருகியிருந்த பெட்டியில் மட்டும் பச்சை, அதுவும் கசங்கியது. அவருக்குப் போய் கசங்கிய நாடாவா? அட்டையை எடுத்துச் சிவப்புப் பெட்டி ஒன்றில் செருகினேன். பச்சைப் பெட்டி வெள்ளவத்தைச் சித்திக்குப் போனது.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "நிஸ்தார் நானாக்குப் பச்சைதானே குடுத்தனீ?"

"இல்லை அம்மா, சிவப்பு. பச்சை கசங்கிப் போச்சு."

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "பச்சையில மட்டும்தானடா பிரண்டி இல்லை."

(கேக்கில் மது ஊற்றுவார்கள் என்பதெல்லாம் அடுப்படிப் பக்கம் போகாதவனுக்கு எப்படித் தெரியும்?) ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் அவர். அவர் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அவர் வாயில வைக்க முதல் போ. இல்லாட்டி அந்த மனுசன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

ஆமர் வீதி நெரிசலில் நான் ஏறிய திரீவீல் ஆட்டோ அசையவில்லை. டிசம்பர் மழைக் குளிரிலும் சட்டை முதுகில் ஒட்டியது. இனிமேல் அந்த வீட்டுக் கதவு எங்களுக்குத் திறக்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தட்டு. கதவு திறந்திருந்தது. நானா கையில் கேக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மகன். அம்மாட கேக் இந்த முறை வேற ருசி. இது மூணாவது துண்டு."

அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "தின்னாதீங்க நானா. அதில கண்ணாடித் துண்டு விழுந்திட்டுது."

(அந்த நேரத்தில் அதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லை.)

"யா அல்லாஹ், ரெண்டு துண்டு தின்டுட்டாரே" என்று அவருடைய மனைவி, ரிஹானா ராத்தா, சுவரைப் பிடித்துக்கொண்டார். நானா வயிற்றைத் தடவினார். முகம் வெளுத்தது. "குத்துற மாதிரித்தான் ஈக்கிது" என்றார். மகள் திரீவீல் பிடிக்கக் கீழே ஓடினாள்.

ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரைப் படியில் இறக்கினோம். ஒவ்வொரு தட்டிலும் அயலவர்கள் வெளியே வந்து நின்றார்கள். இரண்டாம் தட்டில் அவர் என் கையை இறுக்கினார்.

"எனக்கு ஏதும் ஆனா, ராத்தாவப் பாத்துக்கோங்க மகன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நானா, கண்ணாடி இல்லை. பிரண்டி."

நானா அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி இல்லியா?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா. வெறும் பிரண்டிதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராத்தா, கட்டடம் முழுவதற்கும் கேட்கும்படி. எதற்கு நன்றி சொன்னோம் என்பது உறைத்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நானா படியில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினார். "தெரியாமத் தின்டதுக்கு அல்லாஹ்கிட்டக் கேள்வியில்ல. தெரிஞ்சு பொய் சொன்னதுக்கு ஈக்கி" என்றார். பிறகு என் கைபேசியை வாங்கி அம்மாவை அழைத்தார். "அழாதீங்க தங்கச்சி. ஒண்டுமில்ல, மகன் என்னக் கொல்லப் பாத்தான். அவ்வளவுதான்."

இப்போதும் கேக்கை நான்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. முதல் துண்டை நான் சாப்பிட, வீடு முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் கழிந்த பிறகே மற்றவர்கள் தொடுவார்கள். போன நத்தாருக்குப் புது மருமகன் இதென்ன வழக்கம் என்று விசாரித்தார்.

நானா என்னைக் காட்டினார். "இவர் பேப்பர்காரர், மருமகன். மொதல்ல பொய்யப் போடுவார். பொறகுதான் திருத்தம் வரும்."