கேன்டீனுக்குப் போன மேட்ரிக்ஸ்

“மேட்ரிக்ஸா? நீ மெட்ரிக் ஸ்கூல்லகூடப் படிக்கலியேம்மா.”

சவுண்ட் சர்வீஸ் முதலாளி பரந்தாமன் அண்ணன் இதைச் சொன்னபோது, வண்டியில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (உள்ளே எரிந்தது, வெளியே பல் தெரிந்தது.) நான் படித்தது மண்ணூர்ப் பக்கம் அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்புறம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அம்மா, அப்பா இரண்டு பேரும் கைநாட்டு. கரண்ட் பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரை வீட்டில் எதையும் படித்துச் சொல்லும் அதிகாரம் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. அந்த அதிகாரம் தலைக்கு ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் யாரிடமோ பழைய டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றை வாங்கியிருந்தார். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் தலையணை மொத்தம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடித்தவள் நான் மட்டும்தான். அதில்தான் மேட்ரிக்ஸ் இருந்தது.

செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒன்று, மதகுகள் பல. மேடையில் இருக்கிற மைக், பாட்டு எல்லாம் கலந்து ஒரே ஏரியாக நிற்கும். அதிலிருந்து இந்த இடத்துக்கு இவ்வளவு, அந்த இடத்துக்கு அவ்வளவு என்று தனித்தனியாகத் திறந்துவிடுவதுதான் மேட்ரிக்ஸ். அண்ணன் அதுவரை ஒரே ஒயரை நாலாகப் பிரித்து, எல்லா இடத்துக்கும் ஒரே இரைச்சலை அனுப்பிக்கொண்டிருந்தார். ஏரிக்கு இன்னொரு குணமும் உண்டு: மதகைத் திறக்கிறவர் கால் நனையாது. அது அந்தப் புத்தகத்தில் இல்லை.

போன வருடம் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆண்டு விழா. பந்தலில் நிரந்தர ஊழியர்களும் குடும்பங்களும் உட்காருவார்கள். விருந்தினர் அறையில் மெல்லியதாகக் கேட்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பந்தலில் இடம் கிடையாது, கேன்டீனில் இரண்டு பாக்ஸ் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று இடம், மூன்று மதகு. மிக்ஸரில் என்னை உட்கார விடுங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் அண்ணன், “இன்னிக்கு ஒழுங்கா முடிச்சினா மிக்ஸர் போர்டு ஒன்னுது. சொதப்பினா ஒயர் சுத்துற வேலைதான்” என்றார்.

அந்தக் கேன்டீனில்தான் அம்மா வேலை பார்க்கிறாள். அரிசி, பருப்பில் கல் பார்த்து, கழுவி, உலைக்குத் தருவது அவள் வேலை. கான்ட்ராக்ட்தான். இன்றைக்குச் சவுண்டு என் மகள் என்று அங்கே ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள். அவளோடு வேலை செய்யும் தனம் அக்கா, பொம்பளைப் பிள்ளை ஒயர் தூக்குமே தவிர போர்டிலா உட்காரும் என்று கேட்டாராம். வந்து கேட்டுவிட்டுப் பேசு என்றாளாம் அம்மா. போர்டு போனால் எனக்கு ஒரு வேலை போகும். அம்மாவுக்குப் போவது வேறு.

காலையில் கேன்டீன் பாக்ஸைச் சோதித்தேன். மிக்ஸரிலேயே போர்டுக்காரர் பேசுவதற்கு ஒரு குட்டி மைக் இருக்கும், டாக்பேக் என்பார்கள். அதை மூன்றாம் மேட்ரிக்ஸுக்கு, அதாவது கேன்டீனுக்கு மட்டும், திருப்பிவிட்டு “ஒன், டூ” சொன்னேன். அம்மா போனில், “மொதல்ல கொழகொழன்னு இருந்திச்சு, இப்போ பரவால்ல” என்றாள். டாக்பேக் பொத்தானைப் பேசும் நேரம் முழுக்க அழுத்திப் பிடிக்க வேண்டும். எனக்கு விரல் வலித்தது. ஒருமுறை அழுத்தினால் அப்படியே நிற்கும்படி மாற்றி வைத்தேன். (புத்தகம் படித்தவள் இல்லையா. மாற்றத் தெரிந்தது. திரும்ப அணைக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது.)

விழா தொடங்க இருபது நிமிடம் இருந்தது. பந்தலில் அமைதி. ஹெச்.ஆர். மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். இவ்வளவு பொத்தானும் உனக்குத் தெரியுமா என்று கேட்டார். ஏரி, மதகு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் ‘குட்’ என்றார். அந்த ஒரு ‘குட்’டில் நான் தரையை விட்டு நாலு அங்குலம் மேலே போய்விட்டேன்.

“கேன்டீன் பக்கம் சரியா கேக்குமா?” என்றார்.

“கேக்கும் சார். அவங்களுக்குப் பாட்டெல்லாம் கட் பண்ணிட்டுப் பேச்ச மட்டும் வுட்டிருக்கேன். அதுவே அதிகம்.”

அவர் சிரித்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். ஒரு மேனேஜரைச் சிரிக்க வைத்தது அதுதான் எனக்கு முதல் தடவை.

“சோத்துல கல்லு கெடந்தாலே தெரியாம முழுங்குற ஆளுங்க சார். சவுண்டுல இன்னா தெரியப் போவுது?”

இந்தமுறை இன்னும் பெரிய சிரிப்பு. அதற்குள் என் போன் அடித்தது. அம்மா.

“நல்லாக் கேக்குதும்மா” என்றாள். வைத்துவிட்டாள்.

எனக்குப் புரிந்ததா? இல்லை. பாராட்டு என்று நினைத்தேன். மேனேஜரிடம் திரும்பி, “கேன்டீன்லேருந்து ரிப்போர்ட் வந்திச்சு சார், நல்லாக் கேக்குதாம்” என்று பெருமையோடு சொன்னேன். அதுவும் கேன்டீனில் நல்லாக் கேட்டது.

விழா தொடங்கியது. பிளான்ட் தலைவர் மைக்கைப் பிடித்து, நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். கேன்டீன் பக்கமிருந்து தட்டுச் சத்தம் எழுந்தது. எவர்சில்வர் தட்டை மேசையில் அடிக்கும் சத்தம். முதலில் நாலைந்து, அப்புறம் நூறு தட்டு இருக்கும்போல. தலைவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு கையை உயர்த்தி நன்றி சொன்னார். பந்தல் கைதட்டியது. நானும் தட்டினேன். (ஆமாம், நானும்தான்.)

டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போயிருந்த பரந்தாமன் அண்ணன் ஓடிவந்தார். என் தோளுக்கு மேலே கையை நீட்டி, சிவப்பாக எரிந்துகொண்டிருந்த டாக்பேக் பொத்தானை அணைத்தார். காலையிலிருந்தே அது எரிந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

“சொன்னது தப்பில்லம்மா” என்றார். “கேக்க வுட்ட பாரு, அதான் தப்பு.”

மேனேஜரும் அதையேதான் நினைத்தார் என்று தெரிகிறது. கவனக்குறைவுக்கு இங்கிலீஷில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அவர் சிரித்ததற்கு யாரும் கடிதம் கேட்கவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் கடிதம் எழுதினேன். அதிலும் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு அப்படி எழுதித் தர முடியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

சாயங்காலம் வீட்டில் தட்டை என் முன்னால் வைத்தாள். “கல்லு இருந்தா சொல்லு. நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும்” என்றாள். அன்று சோற்றில் கல் இல்லை. அவள் கையால் ஆக்கிய சோற்றில் என்றைக்குமே இருந்ததில்லை. அதை அப்போதும் நான் வாய்திறந்து சொல்லவில்லை.

போர்டு போனது. மாதக்கணக்கில் ஒயர் சுற்றினேன், இன்றும் சுற்றுகிறேன். வீட்டில் நான் எதையாவது அளந்துவிட்டால் அப்பா, “நல்லாக் கேக்குதும்மா” என்பார், தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அம்மா மட்டும் அந்தச் சிரிப்பில் சேருவதில்லை. கேன்டீனில் ‘என் பொண்ணு’ என்ற பேச்சையே அவள் விட்டுவிட்டாள் என்று பக்கத்துத் தெருவில் கேள்விப்பட்டேன்.

போன வாரம் விடியற்காலை அம்மாவுக்குத் தெரியாமல் அவள் பின்னாலேயே கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். கேன்டீன் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அம்மா பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

நான் பேசினது தப்பு, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். கன்டெய்னர் லாரி ஒன்று கடந்துபோனது.

“இன்னா சொன்ன? கேக்கல” என்றார் தனம் அக்கா.

மறுபடி சொன்னேன்.

“பின்னாடி கோமதி நிக்கிறா பாரு, அவளுக்குக் காது மந்தம்.”

மூன்றாம் முறை கத்தினேன். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் ஏறினாள். கடைசியாக ஏறிய தனம் அக்கா படியில் நின்று திரும்பினார்.

“செகண்ட் ஷிப்டு ஆளுங்களும் அன்னிக்குக் கேட்டாங்கடி. மத்தியானம் ஒன்னரைக்கு இங்கதான் ஏறுவாங்க.”

ஒன்றேகாலுக்கே போய் நின்றேன்.