எலியோடு பேசிய மூன்று மாதம்

தனியாக இருக்கிற மனிதன் எதோடாவது பேசிவிடுகிறான். சிலர் செடியோடு பேசுவார்கள், சிலர் டிவியோடு. நான் எலியோடு பேசினேன். நானாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஊரே பேசிவிட்டது.

இருபத்துநான்கு வயதில் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாகக் காரைக்குடிக்கு வந்தேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இங்கே ஒரு முகமும் தெரியாது. அமராவதிபுதூரில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்க அறை வாடகைக்குக் கிடைத்தது. முன்பக்கத்தில் வீட்டுக்கார ஆச்சி தனியாக இருந்தார். மகன் சிங்கப்பூரில். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் “தண்ணி வருதா?” “வருது ஆச்சி” என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

பகலெல்லாம் டை கட்டிக்கொண்டு கிளினிக் வாசல்களில் நிற்பேன். கடைசி நோயாளியும் போன பிறகு எனக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அதிலும் டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் ‘ரெண்டு பரோட்டா’ என்று சொன்னால், மறுபடி வாய் திறப்பது திங்கட்கிழமைதான். (ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரல் இருக்கிறதா என்று பார்க்க ‘ஹலோ’ என்று சொல்லிப் பார்த்தேன். இருந்தது.) வார நடுவில் அம்மா போன் செய்வார். எனக்கு நிறைய சிநேகிதர்கள் கிடைத்துவிட்டதாக அவரிடம் புளுகியிருந்தேன். அதனால், அவர்களோடு வெளியே போவதாகச் சொல்லி உடனே வைத்துவிட வேண்டியிருந்தது.

இப்படி இருக்கையில்தான் தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டை வழியாக ஒரு எலி வந்தது. அரிசிப் பையருகே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. புத்தியுள்ளவன் செருப்பை எடுப்பான். நான் “வாங்க” என்றேன். பிஸ்கட்டில் பாதியை உடைத்துப் போட்டேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தேன். அன்றன்று நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னாலும் ஒரு பாராட்டு வராது, அதனால். எந்த டாக்டர் முகம் கொடுத்தார், எவர் கதவைச் சாத்தினார் என்று தினமும் ஒரு மணி நேரம் சொல்வேன். இரண்டு வாரத்தில் மேனேஜர் குடும்பத்தையும் கூட்டி வந்தார். தட்டில், அரிசிப் பையில், மூடாத தண்ணீர்க் குடத்தைச் சுற்றி எல்லாம் கறுப்பாகச் சின்னச் சின்னப் புழுக்கைகள். விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, தட்டை ஒரு அலசு அலசி அதிலேயே சாப்பிட்டேன். (என் பையில் இருந்த மாத்திரையின் விளக்கத்தாளிலேயே எலிக்காய்ச்சலுக்கு என்று போட்டிருந்தது. டாக்டர்களிடம் அதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.)

மழைக்காலத்தில் ஒரு நாள் குளிர்காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. கண் சிவந்துவிட்டது. சாம்பிளாக இருந்த வலி மாத்திரைகளையே விழுங்கிக்கொண்டு நான்கு நாள் கிடந்தேன். செத்துப்போனால் முதலில் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். மேனேஜருக்கு. அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

ஐந்தாம் நாள் குழாயை மூட மறந்து படுத்துவிட்டேன். தண்ணீர் வாசல்வரை ஓடியது. கதவைத் தட்டிய ஆச்சி, நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர், மூன்று மாதமாக நான் வாசலில் காத்து நின்ற அதே டாக்டர். கெண்டைக்காலை அழுத்தினார், அலறிவிட்டேன்.

“வீட்ல எலி இருக்கா?”

“இருக்கு சார். பிஸ்கட் வைப்பேன்.”

அவர் பேனா நின்றது. “எதுக்கு?”

பக்கத்தில் ஆச்சி, இரண்டு நர்ஸ்கள். “பேச்சுத்துணைக்கு சார்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் உறுதியானது. சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்திருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். ஒரு வாரம் ட்ரிப்ஸ் ஏறியது. ஒரு நாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். எலியின் மூத்திரம் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கலந்து வாய் வழியாக, கண் வழியாக, காலில் இருக்கும் வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். குடத்தை மூட வேண்டும், அரிசியை இறுக்கமான மூடியுள்ள டின்னில் வைக்க வேண்டும். புழுக்கையைக் காய்ந்தபடியே கூட்டினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைக்க வேண்டும். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை போதும் எலிக்கு. கம்பி நாரைத் திணித்து சிமெண்ட் பூசிவிட வேண்டும். அரை மணி நேரம் பேசினார். அன்று பார்த்து என் சாம்பிள் பை கையில் இல்லை.

ஆச்சி தினமும் ரசம் சாதம் கொண்டுவந்தார். ஒரு நாள் டிபன் கேரியரைத் திறந்தபடியே சொன்னார்.

“பொழுதுசாய ஒங்க ரூம்ல பேச்சுச் சத்தம் கேக்கும். நீங்க ஆத்தாகிட்டப் போன்ல பேசுறீகன்னு நெனச்சேன். நானும் செவத்துக்கு இங்குட்டு உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். வீட்ல வேற சத்தம் ஏது?”

நான் தட்டிலிருந்த சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“எம்மகன்கிட்டயும் சொல்லிப்புட்டேன். குடியிருக்குற தம்பி பெத்தவகிட்ட தெனம் ஒரு மணி நேரம் பேசுது, நீ மாசத்துக்கு ஒருக்கா பேசுறேன்னு. அன்னையிலருந்து தெனம் கூப்புடுறான்.” தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். “இப்ப அது எலின்னு அவன்கிட்டச் சொல்லவா, வேணாமா?”

வேண்டாம் என்று கெஞ்சினேன். அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நான் திரும்பியபோது கொத்தனார் ஓட்டையை அடைத்திருந்தார். சாயங்காலம் முன்பக்கத்தில் வந்து காப்பி குடிக்கச் சொல்லி ஆச்சி கண்டிப்பாக உத்தரவு போட்டார். அம்மாவிடமும் சிநேகிதர்கள் யாரும் இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. “தெரியும்டா” என்றார்.

ஆச்சியின் மகன் என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியிலேயே எல்லோருக்கும் கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மாமியார் வீட்டில், போன் பண்ணாத பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொல்கிறார்கள்: “எங்க மாப்பிள்ளை எலிக்கே தெனம் ஒரு மணி நேரம் ஒதுக்குனாரு. பெத்தவளுக்கு நீ பத்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?”