மேலுலகத்துக்கு எத்தனை ஸ்டாம்பு?

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிக் கூடம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனை வரை நிற்கும். எல்லோர் கையிலும் ஒரு கவர். முகவரி இருக்காது, பெயர் போதும். இறந்தவர்களுக்குக் கடிதம் சேர்ப்பிக்கும் குருபிரசாத் அங்கேதான் இருந்தார். மக்கள் வைத்த பெயர் தபால் சாமி.

சாமியின் அஞ்சல் விதிகள் எளிமையானவை. புது ஸ்டாம்பு செல்லாது. முத்திரை குத்தி ஆயுள் முடிந்த பழைய ஸ்டாம்புதான் செத்தவர்களுக்குச் செல்லும். சாமி தரும் மாவுப் பசையில்தான் ஒட்ட வேண்டும். திரைக்குப் பின்னால் கவர் ஒரு மணி நேரம் தீர்த்தத்தில் முழுகும். பிறகு வெளியே வந்து ஹோமத்தில் எரியும். முதலில் கடிதத்துக்கு ஒரு ஸ்டாம்பு. பொங்கலுக்குப் பிறகு மூன்று. கட்டணம் ஏற்ற நம் அஞ்சல் துறை பல வருஷம் யோசிக்கும். மேலுலகத்தில் அவ்வளவு தயக்கம் இல்லை போலும்.

சிரிக்காதீர்கள். பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் நானும் ஒரு கடிதம் போட்டேன். என் மனைவி ஆலிஸ் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஸ்டாம்பு சேர்த்தவளுக்குத் தபாலில் எழுதாமல் வேறு எப்படி எழுதுவது?

என்னை அழைத்துப் போனவள் அவள் தங்கை கரோல். ஏதோ சண்டையில் அக்காவோடு ஒரு வருஷம் பேசாமலிருந்தாள். அதற்குள் அக்கா போய்விட்டாள். ஆறு கடிதம் போட்டும் அவள் மனம் ஆறவில்லை. மன்னிப்பு வர வேண்டுமானால் ஆலிஸின் ஸ்டாம்பு ஆல்பத்தையே அனுப்ப வேண்டும் என்று சாமி சொல்லிவிட்டாராம்.

"குடுத்துடலாம் அத்தான். அக்கா அங்க பொழுது போகாம உக்காந்திருப்பா," என்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

கொடுக்கத்தான் ஆல்பத்தை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஆலிஸின் பென்சில் எழுத்து. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும், கவரிலிருந்து வெட்டிய ஸ்டாம்புகளைக் குண்டானில் தண்ணீர் விட்டு ஊறப்போடுவாள். பசை கரைந்து அவை தாமே கழன்று மிதக்கும். எனக்குச் சோறு தாமதமாகும் நாள் அது. ஒரு மணி நேரம் ஊறணும் என்பாள்.

தண்ணீர். ஒரு மணி நேரம். ஆல்பத்தை மூடிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, ஆலிஸிடம் இரட்டையாக இருந்த ஸ்டாம்புகளில் மூன்றை எடுத்து, உடைந்த பீங்கானை ஒட்டும் பசையால் கவரில் ஒட்டிக் கொடுத்தேன். மற்றவர் கடிதங்கள் எல்லாம் ஈரத்தோடு வந்து குப்புறத் தீயில் விழுந்தன. என்னுடையது வரவில்லை. அரை மணி நேரம் கழித்துச் சாமியே வந்தார். நகக்கண்ணில் ஈரக் காகிதத் துணுக்கு.

"உங்க சம்சாரம் வாங்க மாட்டேங்குறாங்க. என் பசையிலதானே ஒட்டினீங்க?"

"இல்ல சாமி. அவ கோவமா இருக்காளா, இல்ல ஸ்டாம்பு உரிஞ்சு வரலியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரோல் என்னைப் பார்த்தாள். எழுந்து போய்த் திரையை இழுத்தாள். தரையில் விரித்த செய்தித்தாளில் ஸ்டாம்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில், பழைய ஸ்டாம்பு வாங்குவோருக்கு அனுப்பத் தயாராகச் சில கவர்கள். அவற்றில் முகவரி இருந்தது, பின்கோடும் இருந்தது. புத்தம்புது ஐந்து ரூபாய் ஸ்டாம்பும் இருந்தது.

பூ விற்கும் முத்தம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா சாமி, எங்க நைனாவுக்கு அனுப்புன ஸ்டாம்பு இங்க காஞ்சிகினு கீது?"

"மேல போறதுக்கு முன்னாடி ஈரம் காயணும்மா," என்றார் சாமி. அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அவரவர் ஸ்டாம்பை அவரவர் பொறுக்கிக்கொண்டோம். படி இறங்கும்போது கரோல் கேட்டாள்: "அப்போ அக்காவுக்கு ஒண்ணுமே போகலியா அத்தான்?"

"போகலம்மா."

கொட்டிவாக்கத்தில் அவள் வீடு. மந்தைவெளியில் எங்கள் வீடு. அந்த ஒரு வருஷமும் ஐந்து ரூபாயில் கடிதம் போயிருக்கும். அது அவளுக்கே தெரிந்திருந்தது. பையில் கொண்டுவந்திருந்த ஆல்பத்தை அவளிடமே கொடுத்தேன்.

தெருவில் முத்தம்மா கூட்டத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "இவன் டுபாகூரு. தேனாம்பேட்டைல ஒருத்தர் கீறாராம், அவருதான் நெஜமானவராம்."

தபால் கட்டணம் கீழேயும் ஏறும், மேலேயும் ஏறும். யோசிப்பதற்கு மட்டும் இன்றுவரை ஸ்டாம்பு தேவையில்லை. இலவசம் என்பதால்தானோ என்னவோ, அங்கே வரிசையே இல்லை.