மடி கொடுக்காத அண்ணனுக்கு

கும்மிடிப்பூண்டி,
15-9-1977.

மகா கனம் பொருந்திய மூத்த சகோதரர் திரு. பச்சையப்பன் அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த தங்கை செங்கம்மாள் பணிவுடன் எழுதும் கடிதம். இவ்விடம் நானும், தங்கள் மாப்பிள்ளையும், தங்கள் மருமகன் லோகநாதனும் சௌக்கியம். பள்ளிப்பட்டில் தாங்களும், அண்ணி சம்பூர்ணம் அவர்களும், கறவை மாடும் சௌக்கியமாக இருக்கத் திருத்தணி முருகனையும், இப்போது புதிதாகப் பழக்கமான இன்னொரு தாயாரையும் வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. தாங்கள் எழுதிய கார்டு நேற்று வந்தது. கோபத்தைக் கார்டில் எழுதலாமா அண்ணா? எங்கள் லைனில் ஒரே சுவரில் எட்டு வீடு. தபால்காரர் முதல் வீட்டு வாசலிலேயே படித்துவிட்டார். என் கைக்கு வருவதற்குள் ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. "தாய்மாமன் நான் உயிரோடு இருக்க, என் மருமகனின் முதல் மொட்டையை எவன் மடியில் வைத்து அடித்தாய், அவன் எந்தத் தெரு ஆள், இனி எனக்குத் தங்கை இல்லை" என்று தாங்கள் எழுதியதை காது கேட்காத எட்டாவது வீட்டுக் கிழவருக்கு மட்டும் இரண்டு தபா படித்துக் காட்டினார்கள். நான் இன்லேண்டுல எழுதறேன். சோத்துப் பருக்கை வச்சு நாலு பக்கமும் ஒட்டித்தான் அனுப்புவேன். மானம் ஒரு பக்கமாவது இருக்கட்டும்.

முதல் மொட்டை மாமன் மடியிலதான்னு எனக்குத் தெரியாதா? நானும் அதே ஊட்டுலதானே பொறந்தேன். அந்த மடிக்காக நான் திருத்தணி மலைக்கு மூணு தபா புள்ளையத் தூக்கிக்கினு போனேன். மொதல் தபா, கெணத்து மோட்டாரு ரிப்பேருன்னு நீ வரல. சரி. ரெண்டாவது தபா, கல்லக்கா செடி புடுங்கற நேரம்னு சொல்லி அனுப்பின. அதுவும் சரி. மூணாவது தபா நீயே வந்த. கையில பூவும், புள்ளைக்குப் புதுச் சட்டையும் வச்சுக்கினு மலையடிவாரம் வரைக்கும் வந்து, அங்க படியில உன் மாப்பிள்ளை குந்திக்கினு இருக்கறதைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்ட. நான் பாக்கலன்னு நெனச்சியா? உன் முதுகு எனக்குத் தெரியாதா?

இத்தனையும் எதுக்கு? ஒரு பஸ்ஸு சீட்டுக்கு. லோகுவைத் தொட்டில்ல போட்ட வருஷம், திருத்தணியிலேர்ந்து பள்ளிப்பட்டுக்கு ஒரே பஸ்ஸுல போனோம். ஒரு சீட்டு காலியாச்சு. உன் மாப்பிள்ளை குந்திட்டாரு. நீ பூசணிக்காயைத் தோள்ல வச்சுக்கினு பள்ளிப்பட்டு வரைக்கும் நின்னுக்கினே வந்த. "உக்காருங்க மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லல"ன்னு நாலு வருஷமா சொல்லிக்கினு இருக்கற. அவரு நைட் ஷிப்டு முடிச்சுட்டு நேரா பஸ் ஏறினவரு. குந்தின மறு நிமிஷம் வாயைத் தொறந்துகினு தூங்கிட்டாரு. தூங்கறவன் எப்படி மரியாதை குடுப்பான்? எழுப்பி இருக்கலாம் இல்ல? எழுப்பினாக்கா எழுந்திருப்பாரு, அப்புறம் கோச்சுக்கறதுக்கு உனக்கு ஒண்ணும் இருந்திருக்காது, அதனாலதான் எழுப்பல. நான் சொல்றது பொய்யின்னா பதில் எழுது.

அதுக்குள்ள புள்ளைக்கு முடி இடுப்புக்கு வந்துடுச்சு. ரெண்டு சடை போட்டு ரிப்பன் கட்டித்தான் ஸ்கூலுக்கு அனுப்பினேன். டீச்சரம்மா பொம்பளப் புள்ளைங்க வரிசையில குந்த வச்சுட்டாங்க. இவனும் ஒண்ணும் சொல்லல, அந்தப் பக்கம் புளியாங்கா கெடைக்குதாம். பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் டீச்சரம்மாவுக்கே தெரிஞ்சு என்னைக் கூப்புட்டு அனுப்பினாங்க. "இது இன்னாம்மா கூத்து"ன்னு கேட்டாங்க. "மாமன் வர்ற வரைக்கும்"னு சொன்னேன். "மாமன் மிலிட்டரில இருக்காரா"ன்னு கேட்டாங்க. "இல்லைங்க, பள்ளிப்பட்டுல இருக்காரு"ன்னு சொல்றதுக்கு எனக்கு எவ்ளோ வெக்கமா இருந்துச்சு தெரியுமா.

போன ஜூலை மாசம் புள்ளைக்கு டைபாய்டு. இருபத்தோரு நாள். உனக்கு ரெண்டு லெட்டர் போட்டேன். பதில் இல்ல. புள்ள கண்ணு தொறக்காம கெடக்குதுன்னு எழுதினதுக்கு வராத பதிலு, முடி போச்சுன்னு தெரிஞ்ச மறுநாளே கார்டா வருது. அத்த நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. இதையும் எழுதிடறேன், மனசுல வச்சுக்கினா எனக்குத்தான் கேடு.

அந்த இருபத்தோரு நாளும் புள்ளையத் தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு நடந்தது யாரு? பக்கத்து ஊட்டு யேசுதாஸ் அண்ணன். அவரு எந்தத் தெருன்னு கேட்டு எழுதி இருக்கறியே, சொல்றேன். அவரு நைனா அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு நெல்லு அறுத்தவரு. இவரு இப்ப உன் மாப்பிள்ளையோட ஒரே கம்பெனியில ஒரே உலை முன்னால கம்பி இழுக்கறாரு. ரெண்டு பேருக்கும் கையில ஒரே மாதிரி கொப்புளம். வேற ஏதாச்சும் தெரியணுமா? அவரு சம்சாரம் ஜெயமேரி, ஒரு சின்ன சீசாவுல இருந்த வேளாங்கண்ணி எண்ணெயைப் புள்ள நெத்தியில தடவி, "மாதாவே, இந்தப் புள்ள எழுந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சா, முடி உனக்கு"ன்னு வேண்டிக்கினாங்க. முடி திருத்தணிக்குன்னு நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வேண்டி முடிச்சுட்டாங்க. மூணாம் நாள் புள்ள எழுந்து கஞ்சி கேட்டான். ஊறுகாயும் கேட்டான். அப்புறம் நான் இன்னா பண்ணட்டும்? வாங்கினவ வாங்கிட்டா, குடுக்க வேண்டியதுதானே.

அதனால வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போனோம். நாங்க மூணு பேரு, அவங்க ரெண்டு பேரு. ஸ்பெஷல் பஸ்ஸுல என் மடியில லோகு, லோகு மடியில யாரோ ஒருத்தங்க கோழி. மறுநாள் காலையில எறங்கினாக்கா, அண்ணா, ஜனமா அது? காவி கட்டிக்கினு நடந்தே வந்தவங்க எவ்ளோ பேரு. வெள்ளை வெளேர்னு கோயில், ஒசரமா கூர் கூரா கோபுரம், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. உள்ள போனா மாதா பட்டுச் சேலை கட்டிக்கினு, புள்ளையக் கையில வச்சுக்கினு நிக்குது. எனக்கு பயமே போயிடுச்சு. எல்லாரும் "மரியே வாழ்க"ன்னாங்க. நான் பழக்கத்துல "அரோகரா"ன்னுட்டேன். பக்கத்துல ஒரு அம்மா சிரிச்சுட்டு மெழுகுவத்தி ஒண்ணு குடுத்தாங்க. யாரும் என்னை வெளிய தள்ளல. நான் நல்லாத் தேடிப் பாத்தேன் அண்ணா, அந்தத் தாய் பக்கத்துல அண்ணன் தம்பின்னு எவனும் நிக்கல. ஒண்டியாத்தான் புள்ளையத் தூக்கிக்கினு நிக்குது.

அங்க கோயில்லேர்ந்து மாதா குளத்துக்கு மணல்ல முட்டி போட்டு நடக்கற வேண்டுதல் ஒண்ணு இருக்குது. நானும் நடந்தேன். புள்ளைய முதுகுல ஏத்திக்கினு. வெயில்ல மணல் சுடுது, அவன் சடை என் கண்ணுல அடிக்குது, "ஹை, ஹை"ன்னு என்னை மாடு மாதிரி ஓட்டறான். குளத்தண்ட வந்து திரும்பிப் பாத்தா உன் மாப்பிள்ளையக் காணோம். கடலைப் பாத்தவுடனே அந்தப் பக்கம் போயிட்டாரு. மைக்குல கூப்புடலாம்னு யேசுதாஸ் அண்ணனை டோக்கன் வரிசையில நிக்க வச்சுட்டு ஆபீஸுக்குப் போனேன். மைக்குக்காரரு "காணாமப் போனவர் பேரு"ன்னு கேட்டாரு. கட்டினவரு பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? "லோகநாதன் அப்பா"ன்னேன். "பேரும்மா"ன்னாரு. "ஸ்ரீரங்கத்துல படுத்துக்கினு இருக்கற சாமி பேரு, பின்னால ஒரு சாமி"ன்னேன். அவரு கிறிஸ்துவரு, பாவம், அவருக்கு இன்னா தெரியும். "கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் படுத்திருப்பவர் உடனே ஆபீஸுக்கு வரவும்"னு மூணு தபா சொல்லிட்டாரு. ஊரே சிரிச்சுச்சு. ஆனா உன் மாப்பிள்ளை எங்கியோ மோர் குடிச்சுக்கினு இருந்தவரு, "இது நம்மளதான்"னு சொல்லிக்கினு கெளம்பினாராம். நாலு மைல் ஜனத்தைத் தாண்டி வரணும், அவ்ளோ சீக்கிரம் வருவாரா.

அதுக்குள்ள எங்க டோக்கன் வந்துடுச்சு. மொட்டைக் கொட்டாயில நாப்பது பேரு வரிசையா குந்திக்கினு செரைக்கறாங்க. எங்க ஆளு கத்தியத் தீட்டிக்கினு, "குந்த வைம்மா"ன்னாரு. "மடி வேணும்"னேன். "இங்க மடியெல்லாம் கேக்கறதில்லம்மா, பலகை இருக்குது, பின்னால அறுநூறு பேரு நிக்கறாங்க"ன்னாரு. நான் குந்த வைக்கல. மடி இல்லாம என் புள்ள தலையில கத்தி படாதுன்னு நின்னேன். பின்னால இருந்தவங்க எல்லாம் பேஜாரு பண்ணாதம்மான்னு கத்தறாங்க. அப்ப யேசுதாஸ் அண்ணன் செருப்பைக் கழட்டிட்டு, துண்டை உதறி மடியில விரிச்சு, சம்மணம் போட்டு குந்தி, "குடு தங்கச்சி"ன்னு கையை நீட்டினாரு. நான் குடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. நானே என் கையால குடுத்தேன்.

அந்த நேரம் பாத்துத்தான் உங்க ஊரு சுப்பராயன் கொட்டாய் வாசல்ல நின்னு எட்டிப் பாத்திருக்காரு. அவரு வந்து உன்னாண்ட சொன்னது மொத்தமும் நெஜம். கத்தி வச்சது நெஜம், மடி யேசுதாஸ் அண்ணன் மடிங்கறது நெஜம். மொட்டை அடிச்சாச்சு. முடி கடலோட போச்சு. இனிமே உன் மடி எங்களுக்கு வேணாம். அத்த அப்படியே மடிச்சுப் பொட்டியில வச்சுக்க. நாளைக்குக் காது குத்தறதுக்கும் யேசுதாஸ் அண்ணன் மடிதான். கல்யாணத்துல மாமன் மாலை போடறதுக்கும் அவருதான். எந்தத் தெருன்னு கேட்டு வர்றவங்களுக்கு எங்க ஊட்டுல தண்ணி கூட கெடையாது. உன் மாப்பிள்ளையும் உன் பேச்சையே எடுக்கறதில்ல. நான் தங்கச்சி இல்லன்னு நீ கார்டுல எழுதின. நீ அண்ணன் இல்லன்னு நான் இன்லேண்டுல எழுதறேன். அவ்ளோதான் கணக்கு.

அண்ணி அவர்களுக்கு என் நமஸ்காரம். அவங்க முட்டி வலிக்கு மாதா குளத்துத் தண்ணி ஒரு சீசா எடுத்தாந்து வச்சிருக்கேன், யாராச்சும் வந்தா குடுத்து அனுப்பறேன். மாட்டுக்கும் கன்னுக்கும் என் அன்பு. பெரியவங்க எல்லாருக்கும் என் வணக்கம், சின்னவங்களுக்கு ஆசீர்வாதம். உனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல.

இப்படிக்கு,
அண்ணன் இல்லாத
செங்கம்மாள்.

பின்குறிப்பு: பருக்கை எடுத்து மூணு பக்கம் ஒட்டிட்டேன். நாலாவது பக்கம் ஒட்ட மனசு வரல. மேல எழுதினதுல ஒண்ணு பொய். மொட்டை அடிச்சாச்சுன்னு எழுதினேன் இல்ல, பாதிதான் அடிச்சுது. சுப்பராயன் போனப்புறம் நடந்தது இது. வலது பக்கம் முடிச்சு, தலையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாங்க. லோகு திரும்பி யேசுதாஸ் அண்ணன் மூஞ்சியைப் பாத்து, "நீதான் பள்ளிப்பட்டு மாமாவா?"ன்னு கேட்டான். நாலு வருஷமா நாங்க சொல்லி வச்சது, மாமா வரும், மடியில குந்த வச்சுக்கும், புதுச் சட்டை போடும்னு. ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லி இருந்தா முடிஞ்சிருக்கும். நான் கூட கண்ணைக் காட்டினேன். யேசுதாஸ் அண்ணன் கோயில் பக்கம் ஒரு தபா பாத்துட்டு, "இல்ல கண்ணு, நான் பக்கத்து ஊட்டு மாமா"ன்னுட்டாரு. அந்த எடத்துல அவரால பொய் சொல்ல முடியல. "அப்ப வேணாம்"னு சொல்லிட்டு இவன் எழுந்துட்டான். பலகைக்கு அடியில பூந்துக்கினு, மீதிச் சடையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினான். கெஞ்சினேன், அடிச்சேன், ஒண்ணும் நடக்கல. அப்பத்தான் உன் மாப்பிள்ளை வந்து சேந்தாரு. குனிஞ்சு பாத்தாரு. "உடு, பாதி மாதாவுக்கு, மீதி மச்சானுக்கு"ன்னாரு. நாலு வருஷம் கழிச்சு அவரு வாயில அந்த வார்த்தை அன்னிக்குத்தான் வந்துச்சு.

இப்ப ஒரு பக்கம் மழமழன்னு, ஒரு பக்கம் ஒத்தைச் சடையோட ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கான். துண்டு கட்டி உட்டா அவுத்துப் போட்டுடறான். எவனாச்சும் சிரிச்சா, சடையைத் தூக்கிக் காட்டி "இது எங்க மாமாவுது"ன்னு சொல்றான். வர்ற ஞாயித்துக்கெழமை காலையில திருத்தணியில இருப்போம். வலது பக்கம் முளைக்க ஆரம்பிச்சுடுச்சு. ஜல்தி வா.