பதினெட்டுச் சுற்று

ஹட்டனில் பழைய கார் வாங்குகிறவர் மெக்கானிக்கைத் தேடக் கூடாது. செல்லசாமியைத் தேட வேண்டும். ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டது. டிக்கோயா ரோட்டுச் சரிவில் அவருடைய கொட்டகைக்கு முன்னால் காலையிலேயே கார்கள் வரிசை கட்டும். சாமி பொனட் மேல் ஒரு உருத்திராட்சத்தை நூலில் தொங்கவிடுவார். அது எத்தனை சுற்று சுற்றுகிறதோ அத்தனை லட்சம் விலை. பேரம் பேசினால் வண்டிக்குள் இருக்கும் தெய்வம் கோபித்துக்கொள்ளும். பொனட்டைத் திறந்தால் வண்டியை விட்டே போய்விடும். தெய்வத்துக்கு ஹட்டன் குளிர் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

சுற்றியது தன் பணமாக இல்லாவிட்டால் ஜீவராணியும் சிரித்திருப்பாள். முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவளுக்குக் கிடைத்த ஈ.பி.எஃப். சேமிப்புப் பணம் பதினான்கு லட்சம். அதில் ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட்டப் புருஷன் அழகுமுத்து ஆசைப்பட்டார். ஆசையில் தப்பில்லை. தரகர் சுமன் காட்டிய இருபத்தெட்டு வருஷக் காரை நேரே சாமியிடம் கொண்டுபோனதுதான் தப்பு. உருத்திராட்சம் பதினான்கு சுற்றி நின்றது.

"பாத்தியா, நம்ம கையில உள்ளது எவ்வளவோ அவ்வளவேதான். நமக்குன்னே வந்த வண்டி" என்று அழகுமுத்து கண்கலங்கினார்.

ஜீவராணி வண்டியைப் பார்க்கவில்லை, சுமனைத்தான் பார்த்தாள். பாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று சுமன் அன்பாக விசாரித்ததும், இவர் வெள்ளந்தியாகச் சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தது. வரிசையில் நின்ற எல்லோரிடமும் சுமனுக்கு அதே அன்பு. நல்ல நாள் பார்த்துப் பணம் தருவதாகச் சொல்லிப் புருஷனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுவாரம் வேறொரு கார் வந்தது. மேலே கராஜ் வைத்திருக்கும் ஃபாஸில், ஜீவராணி கேட்டுக்கொண்டபடி, அதைச் சரிவில் நியூட்ரலில் உருட்டிவந்து நிறுத்தினார். மகன் கத்தாரிலிருந்து இன்னும் நாலு லட்சம் அனுப்பியிருக்கிறான், இதை வாங்க இப்போது பதினெட்டு இருக்கிறது என்று அவள் சுமனிடம் சொல்லிவைத்தாள். அவளுக்கு மகனே கிடையாது.

உருத்திராட்சம் பதினெட்டு சுற்றியது.

"எஞ்சின் சிங்கம் மாதிரி இருக்கும்மா. பத்து வருஷத்துக்குக் கை வைக்கத் தேவல்ல" என்றார் சாமி, கண்ணை மூடியபடி.

ஜீவராணி பொனட்டைத் தூக்கினாள். எஞ்சினை ஃபாஸில் போன மாதமே கழற்றியிருந்தார். அந்த இடத்தில் பரப்பியிருந்த வைக்கோல் மேல் கராஜ் கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது.

"சாமி, சிங்கம் முட்டை போட்டிருக்குங்களே" என்றாள்.

திறந்ததால்தான் தெய்வம் போய்விட்டது என்று சாமி இழுத்தார். போகும்போது எஞ்சினையும் தூக்கிக்கொண்டா போனது என்று வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். சுமன் அதற்குள் ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். போன மாதம் இருபத்திரண்டு லட்சம் கொட்டிக் கொடுத்த ஒருவர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

பதினான்கு சுற்று வாங்கிய அந்த முதல் காரை ஃபாஸில் சாயங்காலம் பார்த்தார். பொனட்டைத் திறந்தார், புகையைப் பார்த்தார், அடியில் படுத்துத் துருவைத் தட்டினார், அதே வருஷத்து வண்டிகள் என்ன விலைக்குப் போயின என்று நாலு இடத்தில் விசாரித்தார். ஒன்பது லட்சத்துக்கு மேல் ஒரு சதம் கொடுக்காதீர்கள் என்றார்.

அன்றைக்கு அந்தச் சரிவில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். அந்தக் காருக்குள் எஞ்சின் இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தது கோழி ஒன்றுதான். அதைவிடப் பெரிய தலை நமக்கு எதற்கு இருக்கிறது என்று, அடுத்த சாமியிடம் போகும் முன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.