ஆறு வேனில் வந்த பயனர்கள்

மானகிரி
ஆனி மாதம், வியாழக்கிழமை

பாசமிகு சித்தப்பா பாண்டீஸ்வரன் அவர்களுக்கு அண்ணன் மகள் காளீஸ்வரி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். சிங்கப்பூரில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கக் கொப்புடையம்மன் அருள வேண்டும். கப்பல் பட்டறையில் ஏணி ஏறாத வேலையாக மாற்றித் தருகிறேன் என்றார்களே, தந்தார்களா? தந்திருக்க மாட்டார்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதமாக அடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். பிறகு தெருவே பதில் சொல்கிறது. போன வாரம் நீங்கள் "அந்தக் கலர் வேலை என்னாச்சுத்தா?" என்று கேட்டபோது நான் வாய் திறக்கும் முன்பே எதிர்வீட்டிலிருந்து "அது ஊத்திக்கிச்சுங்க" என்று குரல் வந்தது. உங்கள் ஓவர்டைம் பணத்தில் வாங்கிய லேப்டாப்பில் நடந்த வேலை என்பதால், எப்படி ஊற்றிக்கொண்டது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படிப்பு முடித்து இரண்டு வருடமாகிறது. சென்னையில் ஒரு கம்பெனி, யாரும் இலவசமாகப் பயன்படுத்துகிற பொது மென்பொருள் திட்டம் எதற்காவது சம்பளம் இல்லாமல் வேலை செய்து அது ஏற்கப்பட்டதற்கு அடையாளம் காட்டினால் இன்டர்வியூ இல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம், மாதக் கடைசி வரை நேரம் என்றது. சம்பளம் கேட்டு வருகிறவளிடம் முதலில் சும்மா உழைத்துக் காட்டு என்று சொல்ல இவர்களுக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலா இருக்கிறேன். அடையாளம் கிடைக்காவிட்டால் புதுவயல் அரிசி ஆலையில் பில் போடும் வேலை என்று அப்பா பேசி முடித்திருந்தார்.

பாலிடெக்னிக்கில் எனக்குப் பாடம் எடுத்த அன்வர் சாதிக் சார், தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத 'கோர்வை' என்று ஒரு கணினி மொழியை உருவாக்கியிருக்கிறார். அதில் எது கட்டளை, எது எண், எது வெறும் குறிப்பு என்று, நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருளில் நிறம் பிரித்துக் காட்டுகிற விதிகளை நான் எழுதினேன். வயலில் நெல்லுக்கும் களைக்கும் வேறு வேறு நிறம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. நான்கு மாதம். முதலில் எழுத்து நீலமாகவும் அதன் தலையிலிருக்கும் புள்ளி கறுப்பாகவும் வந்தது, கொம்பு மட்டும் தனியாக ஆரஞ்சில் நின்றது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு எடிட்டருக்கு அனுப்பினேன். அதைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் யோஹான் என்பவர் பதில் போட்டார். வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் குறைந்தது இருநூறு பேர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் மொழியைத்தான் சேர்ப்போம், வளர்ந்த பிறகு வாருங்கள் என்று. கோர்வையில் எழுதுகிறவர்கள் சார், அவருடைய மாணவர்கள் ஏழு பேர், நான். ஆக ஒன்பது.

இதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். சாப்பிடாமல் கிடந்தது தப்பு. அம்மா தன் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். கோட்டைச்சாமி மாமாவை உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் நம் பக்கத்து ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்.

"எத்தனை பேரு வேணுங்குறான் அந்த வெள்ளைக்காரன்?"

"இருநூறு பேர் மாமா. ஆனா..."

"அட கழுத, இதுக்கா மூணு நாளாச் சோறு திங்காமக் கெடக்க? போன மாசக் கூட்டத்துக்கு நான் ஒருத்தனே எண்ணூறு பேரை எறக்குனேன்."

"வந்து உக்காந்தாப் பத்தாது மாமா. இந்த மொழியில புரோகிராம் எழுதணும்."

"எழுதச் சொன்னா எழுதுறாக. என்ன எழுதணும்னு நீ எழுதிக் குடு."

அப்பா மெல்ல, "மச்சான், இது கம்ப்யூட்டர் விவகாரம்" என்றார்.

"எல்லா விவகாரமும் ஆள் விவகாரந்தான் மாப்பிள்ளை."

சித்தப்பா, நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாதக் கடைசிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. அன்வர் சார், "ஏம்மா, இது சரியா வருமா?" என்று கேட்டபோது, "வரும் சார்" என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். இதை எழுதாமல் மாமாவை மட்டும் திட்டினால் அது பொய்க் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்து வாசலில் ஆறு வேன் வந்து நின்றது. நாச்சியாபுரத்திலிருந்து மூன்று, நெற்குப்பையிலிருந்து மூன்று. போதாததற்கு ஷேர் ஆட்டோக்கள். வாசலில் பிளெக்ஸ்: என் கல்லூரி அடையாள அட்டைப் படம், அதைவிட நான்கு மடங்கு பெரிதாக மாமா கைகூப்பியபடி, நடுவில் 'உலக எடிட்டரே, உடனே அங்கீகரி!'. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிக்கு மேல் நூறு நாள் வேலைப் பெண்கள். பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்கு நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளத்தில் அடுத்தவர் போனில் கணக்குத் தொடங்கினோம். ஓடிபி வந்த போன் ஒருவரிடமும் ஓடிபி கேட்ட போன் இன்னொருவரிடமும் இருக்க, மண்டபம் முழுக்க ஏலம் போடுவதுபோல் எண்களைக் கூவினார்கள். மாமா மைக்கில், "பிரியாணி பொட்டலம் பதிவேத்துனவுகளுக்கு மட்டும்!" என்றார். நான் எழுதிக்கொடுத்த நான்கு வரி நிரலை எல்லோரும் அப்படியே ஒட்டினார்கள். கணினியில் 'வணக்கம்' என்று வரும். அவ்வளவுதான் அது செய்யும்.

பொன்னுத்தாயி என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "பட்டன் எங்குட்டுத்தா இருக்கு? எந்தச் சின்னம்?" என்றார். ஓட்டில்லை அம்மா என்றேன். "அப்ப எதுக்கு எங்களைக் கூட்டியாந்தீக? வராட்டி அடுத்த வாரம் வேலைக்குப் பேரு விட்டுப்போகும்னுல்ல சொன்னாக" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நூற்று நாற்பது பேர் முடிந்திருந்தது. அவர் போனை வாங்கி, பட்டனை நானே அழுத்திக் கொடுத்தேன். நூற்று நாற்பத்தொன்று.

மாமாவின் விசுவாசிகள் சிலர் நிரலின் தலையில் 'அண்ணன் கோட்டைச்சாமி புகழ் ஓங்குக' என்று ஒரு குறிப்பு வரி சேர்த்திருந்தார்கள். என் விதிகள் அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சாம்பல் நிறத்தில் காட்டின. என் லேப்டாப்பை எட்டிப் பார்த்த மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, எம் பேரு மட்டும் ஏன் மங்கலா இருக்கு?"

"அது குறிப்பு மாமா. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போயிரும். அதான் அந்தக் கலரு."

"இத்தனை பேரைக் கூட்டியாந்தவன் பேரைத் தாண்டிப் போகுமா? செகப்புல போடு!"

நான் போடவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அது.

திங்கட்கிழமை காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே வைஃபையிலிருந்து, மூன்று மணி நேரத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகள், ஒரே நான்கு வரி. யோஹான் எழுதியது இரண்டு வாக்கியம்: "எண்ணிக்கை குறைவு என்றுதான் சொன்னேன், உங்கள் வேலையைக் குறை சொல்லவில்லை. இப்போது எதையும் நம்ப முடியவில்லை." அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நிரல்களை வைத்திருந்த தளம் என் கணக்கை முடக்கியது. கூடவே கோர்வையே மோசடி என்று அன்வர் சாரின் கணக்கையும் அந்த ஏழு மாணவர்களின் கணக்குகளையும் முடக்கிவிட்டது. அவர்கள் ஒரு வருடமாக எழுதியதெல்லாம் உள்ளே பூட்டிக்கிடக்கிறது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று இயந்திரம் பதில் அனுப்புகிறது. சென்னைக் கம்பெனி என் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறது. 'மோசடிக்காக முடக்கப்பட்டது' என்ற வரிதான் முதலில் வந்திருக்கும். இனி எங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சார் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் மனைவி அமீனா அக்கா டீ கொடுத்தார். சார், "ஒம்பது பேரு நெசமா இருந்தோம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

மாமாவுக்கு இதில் எதுவும் உறைக்கவில்லை. "எதிர்க்கட்சிக்காரன் சதி" என்கிறார். எனக்கு எதிர்க்கட்சி யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். தேவைப்படுகிற ஒன்பது பேருக்கு உலகத்தில் மதிப்பில்லை, தேவையே இல்லாத இருநூறு பேரை மிரட்டி ஏற்ற இந்த ஊரில் வேன் தயாராக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் பட்டன் அழுத்தினேன்.

ஆகவே சித்தப்பா, தீர யோசித்து எழுதுகிறேன். திங்கள் முதல் அரிசி ஆலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என் வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். லேப்டாப்பை விற்றுத் தரச் செக்காலையில் ஒரு கடையில் சொல்லியிருக்கிறேன். கோர்வை யாருக்கும் வேண்டாத மொழி. வேண்டாத மொழிக்கு நிறம் எதற்கு? இனி இதைத் தொடுவதில்லை.

சித்தியையும் தம்பிகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள். பெரியவர்கள் ஆசி பலிப்பது உண்மையானால் எனக்கும் கொஞ்சம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அண்ணன் செம்மலை மகள்
காளீஸ்வரி

பின்குறிப்பு: அனுப்பப் போகும் நேரத்தில் போன் வந்தது. அகிலாண்டேஸ்வரியாம், நெற்குப்பை வேனில் வந்தவராம், காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறாராம். அன்றைக்கு மண்டபத்தில் ஒட்டிய நான்கு வரி தமிழில் இருந்ததால் புரிந்துவிட்டதாம். மறுநாளே சாரிடம் போய்ப் பென்டிரைவில் கோர்வையையும் என் நிறவிதிகளையும் வாங்கி, கடைச் சரக்குப் பட்டியலை அதில் எழுதியிருக்கிறார். குறிப்பு வரியில் பைப்பின் அளவுக்கு இஞ்ச் குறியாக மேலே இரண்டு கோடு போட்டாராம். அதற்குக் கீழே நாற்பது வரியும் பச்சையாகிவிட்டதாம். புரோகிராம் சரியாக ஓடுகிறது, நிறம்தான் தப்பு. அந்தக் குறியை மேற்கோளின் தொடக்கம் என்று என் விதி எடுத்துக்கொண்டு, மூடும் குறி வராததால் கீழே உள்ள எல்லாவற்றையும் மேற்கோளுக்கான பச்சையில் காட்டுகிறது. நான்கு மாதம் பார்த்தும் எனக்கு இது தெரியவில்லை, யோஹானுக்கும் தெரியவில்லை. லேப்டாப்பை விற்பது பற்றி எழுதியதை மறந்துவிடுங்கள், ஆலை பற்றியும் அப்பாவிடம் இப்போதைக்குப் பேச வேண்டாம். "என்ன எழவு கலருத்தா போட்டு வச்சிருக்க? ஒண்ணுமே பிரிச்சுத் தெரியல. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தாரியா இல்லையா? கடையில ஆளு நிக்கிது" என்று அந்த அம்மா காதில் கத்தினார். நிக்கச் சொல்லுங்க, வாரேன் என்றேன்.