நான் ஓடினேன், ஷிஃப்டே ஓடியது

ஓடினால் உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்கள். அதை நம்பி, பெங்களூரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன். (மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆளு நான்!) பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எனக்கு முதல் ஷிஃப்ட். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வைத்திருந்தேன்.

பயிற்சிதான் படுத்தி எடுத்தது. சாயங்காலம் ஓடினால் முட்டி வீங்கியது. விடியற்காலையில் ஓடினால் எங்கள் ஊர் மூக்கண்டப்பள்ளி நாய்கள் மொத்தமும் கூடவே வந்தன. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கம்பெனி யூனிஃபார்மிலேயே வீட்டிலிருந்து கிளம்பி, எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி ஓடி, அடுத்த ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் ஸ்டாப்பில் அசெம்பிளி லைன் ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று ஓடினேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பினால், டிபன் பாக்ஸும் கையுமாக எல்லோரும் ஓடி வருகிறார்கள்! என்னைப் பார்த்து ஊரே ஓட ஆரம்பித்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் வேகமெடுத்தேன். அப்படியும் என் பக்கத்து மெஷின் மஞ்சுளா என்னை முந்திக்கொண்டு போனாள். (அதுவும் ரப்பர் செருப்போடு!)

அடுத்த ஸ்டாப், மேம்பாலத்துக்குக் கீழே; எங்களைத் தவிர அங்கே ஏற ஆள் கிடையாது. மூச்சிரைக்க நின்றோம்.

"பஸ் எல்லி அக்கா?" என்று பதறினாள் மஞ்சுளா. பஸ் எங்கே என்று கேட்கக்கூட, பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"எனக்கென்னடி தெரியும்? நீங்கல்லாம் எதுக்கு ஓடி வந்தீங்க?"

"நீங்க ஓடுனீங்களே! ரோட்டைத் தோண்டிட்டாங்கன்னு போன வாரம் ஸ்டாப்பை மாத்துனாங்கல்ல, இன்னிக்கும் மாத்திட்டாங்கன்னு நெனைச்சோம்!"

"ஐயோ, நான் பந்தயத்துக்கு ஓடுறேன்டி!"

அந்த நேரம் பார்த்து, பாலத்தின் மேலே எங்கள் பஸ் காலியாகப் போனது. எங்கள் ஸ்டாப்பில் ஈ காக்கா இல்லாததைப் பார்த்த டிரைவர், எல்லோரும் வேறு வண்டியில் போய்விட்டோம் என்று நினைத்துப் பாலத்தில் ஏற்றிவிட்டாராம்.

ஷேர் ஆட்டோக்களில் அடைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது லைன் நின்று கிடந்தது. "மொத்தப் பேரும் எப்படிய்யா பஸ்ஸை விடுவீங்க?" என்று சூப்பர்வைசர் கத்தினார். அத்தனை விரல்களும் என் பக்கம் நீண்டன.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நின்னுபோன வேலையை ஞாயித்துக்கிழமை முடிச்சாகணும். நீங்களும் வந்துருங்கம்மா."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. பெங்களூரில் பந்தயம் நடந்த நேரத்தில் நான் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். அழுகை அழுகையாக வந்தது.

இப்போதும் கல்யாண மண்டபத்தில் நான் சட்டென்று எழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார். "யாரும் எந்திரிக்காதீங்க! பந்தி இன்னும் போடல. இவ சும்மாதான் போறா!"